வேதாகமத்தின் புதிரான பகுதிகளை வாசிப்பது எப்படி? மட்டக்களப்பு வாசிப்புக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மோசேயை எகிப்துக்குப் போகச் சொன்ன கடவுளே, வழியில் தங்கும் இடத்தில் எதிர்ப்பட்டுக் கொல்லப் பார்க்கிறார். மொட்டைத்தலையன் என்று கேலி செய்த பிள்ளைகளை எலிசா சபிக்கிறார்; காட்டிலிருந்து இரண்டு கரடிகள் வந்து 42 பேரைப் பீறிப்போடுகின்றன. பழக் காலமே இல்லாத நாளில், பழம் இல்லை என்று இயேசு ஓர் அத்திமரத்தைச் சபிக்கிறார்.

ஞாயிறு பிரசங்கத்தில் இவை அரிதாகத்தான் வரும். ஆனால் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளை கேட்கும். பக்கத்து வீட்டுச் சைவ நண்பர் கேட்பார். இரவில் தனியே வாசிக்கும்போது நமக்கே கேட்கத் தோன்றும். அப்போது வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. ஒன்று, "அதெல்லாம் கேட்கப்படாது, விசுவாசிக்க வேணும்." மற்றது, போனில் தேடி எடுத்த ஒரு நிமிட விளக்கம். இரண்டுமே கேள்வியின் வாயை அடைத்துவிடுகின்றன. இந்தப் பகுதிகளை எழுதியவர்கள் விவரம் தெரியாமல் எழுதிவிடவில்லை, பிரதி எடுத்தவர்களும் வெட்கப்பட்டு நீக்கிவிடவில்லை. ஏதோ காரணத்தோடுதான் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தக் காரணத்தைத் தேடிப் போகும் வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். தனியாக வாசிப்பவருக்கும் இது உதவும். ஆனால் ஐந்தாறு பேர் ஒரு வீட்டில் கூடி வாசிப்பதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

தேவையானவை

அதிகம் ஒன்றும் வேண்டாம். ஒரு கொப்பி, பென்சில், இரண்டு மொழிபெயர்ப்புகள். நம் ஊரில் இரண்டாவது மொழிபெயர்ப்புக்கு அலைய வேண்டியதில்லை. மெதடிஸ்த வீடுகளில் பழைய பரிசுத்த வேதாகமம் இருக்கும், கத்தோலிக்க வீடுகளில் திருவிவிலியம் இருக்கும். ஒன்றை இரவல் வாங்குங்கள், அதைவிட நல்லது அந்த வீட்டுக்காரரையும் கூட்டத்துக்கு அழைப்பது. நூல்களின் பெயர்கள் மாறியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இங்கே யாத்திராகமம் என்றால் அங்கே விடுதலைப் பயணம். நாளாகமம் என்றால் குறிப்பேடு. நியாயாதிபதிகள் என்றால் நீதித் தலைவர்கள். சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் 66 நூல்கள், கத்தோலிக்க விவிலியத்தில் 73. கலந்த குழுவில் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு குழப்பம் வராது. நான் இங்கே பழைய மொழிபெயர்ப்பின் பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

ஓரத்தில் ஒத்த வாக்கியங்கள் அச்சிட்ட வேதாகமம் கிடைத்தால் அதை விடாதீர்கள். பெரிய விளக்கவுரைகளைவிட அந்தச் சின்ன எழுத்துகள்தான் அதிகம் உதவும்.

படி 1: எந்த வகைச் சிக்கல் என்று பாருங்கள்

எல்லாப் புதிர்களும் ஒரே மாதிரி இல்லை. சில பகுதிகள் மனச்சாட்சியை உறுத்துகின்றன. கரடிக் கதை அப்படிப்பட்டது. சிலவற்றில் தகவல் போதாது. இயேசுவைப் பிடித்த இரவில், மேலே போட்டிருந்த துப்பட்டியை விட்டுவிட்டு நிர்வாணமாய் ஓடிய வாலிபன் யார் என்று மாற்கு 14:51-52 சொல்வதே இல்லை. சிலவற்றில் இரண்டு நூல்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. இன்னும் சிலவற்றில் நமக்குத் தெரியாத ஒரு வழக்கம் ஒளிந்திருக்கிறது: ரூத் 4-ல் ஒருவர் ஏன் பாதரட்சையைக் கழற்றிக் கொடுக்கிறார் என்பதை அந்த அதிகாரமே 7-ஆம் வசனத்தில் விளக்கிவிடுகிறது.

வகை தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும். வழக்கம் தெரியாத இடத்தில் உட்கார்ந்து கடவுளின் நீதியைப் பற்றி விவாதிப்பது வீண். மனச்சாட்சி உறுத்தும் இடத்தில் பழங்கால வழக்கம் ஒன்றைச் சொல்லித் தப்பிப்பதும் சரியில்லை.

படி 2: முன்னும் பின்னும் சத்தமாக வாசியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். புதிரான வசனத்தைத் தனியே பிய்த்து எடுக்காமல், அதற்கு முந்தின அதிகாரத்தில் தொடங்கி அடுத்த அதிகாரம் வரை ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். கண்ணால் வாசித்தால் பழகிய இடங்களைத் தாண்டிப் போய்விடுவோம்.

கரடிக் கதையை எடுப்போம். 2 இராஜாக்கள் 2-ஆம் அதிகாரம் முழுவதையும் வாசித்தால், எலியா பரலோகத்துக்கு ஏறிப்போன உடனே இது நடக்கிறது என்று தெரியும். "ஏறிப்போ" என்ற கேலி அப்போதுதான் உறைக்கும்: உன் குரு போனது போல நீயும் தொலைந்து போ என்கிறார்கள். கதைக்குச் சற்று முன்னால் எரிகோவின் கெட்ட தண்ணீரை எலிசா நல்லதாக்குகிறார். ஓர் ஊருக்கு ஆசீர்வாதம், அடுத்த ஊருக்குச் சாபம் என்று அடுக்கியிருக்கிறார்கள். அந்த அடுத்த ஊர் பெத்தேல். 1 இராஜாக்கள் 12-ல் யெரொபெயாம் பொற்கன்றுக்குட்டியை வைத்த இடம் அது. ஓரக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனால் லேவியராகமம் 26:22 வரும். உடன்படிக்கையை மீறினால் காட்டு மிருகங்கள் உங்களைப் பிள்ளைகளற்றவர்களாக்கும் என்று அங்கே எச்சரித்திருக்கிறது. ஆக இதைச் சொன்னவர்களுக்கு இது ஒரு மனிதரின் கோபக் கதை அல்ல. எச்சரித்தது பெத்தேலில் நடந்தது என்று சொல்லும் கதை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் உறுத்தல் போகாது. போகவும் கூடாது. படுவான்கரையில் இருந்து வருபவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் கவனியுங்கள். யானை அடித்த வீட்டுக்குப் போய் வந்தவருக்கு, மிருகம் மனிதரைத் தாக்குவது என்பது படக்கதை அல்ல. அவர் இந்த வசனத்தைக் கேட்டு மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தை விளக்கத்தால் நிரப்ப அவசரப்படாதீர்கள்.

படி 3: சொல்லியிருப்பது ஒரு பக்கம், சொல்லாதது மறுபக்கம்

கொப்பியின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் வசனம் சொல்வது, வலப்பக்கம் அது சொல்லாமல் விட்டது. நாம் சிறுவயதிலிருந்து கேட்ட கதையில் எவ்வளவு நாமே சேர்த்தது என்று அப்போது புலப்படும்.

யாத்திராகமம் 4:24-26-க்கு இதைச் செய்து பாருங்கள். இடப்பக்கத்தில் வருபவை: வழியில் தங்கும் இடம், கர்த்தர் கொல்லப் பார்க்கிறார், மோசேயின் மனைவி சிப்போராள் கருக்கான கல்லை எடுத்து மகனின் நுனித்தோலை அறுக்கிறாள், இரத்தசம்பந்தமான புருஷன் என்கிறாள், கர்த்தர் விட்டு விலகுகிறார். வலப்பக்கம் நிறைந்துவிடும். ஏன் கொல்லப் பார்த்தார் என்று இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று சிப்போராளுக்கு எப்படித் தெரிந்தது என்று இல்லை. எந்த மகன் என்று இல்லை. மூல எபிரேயத்தில் இந்த மூன்று வசனங்களிலும் மோசேயின் பெயரே இல்லை. ஆகவே தாக்கப்பட்டது மோசேயா, பிள்ளையா என்றே பழங்காலத்திலிருந்து விவாதம் இருக்கிறது.

சரி, இனி இரண்டாம் படிக்குத் திரும்பி முந்தின இரண்டு வசனங்களைப் பாருங்கள். "இஸ்ரவேல் என் சேஷ்டபுத்திரன்" (மூத்த மகன்) என்றும், அவனை விடாவிட்டால் பார்வோனின் சேஷ்டபுத்திரனைக் கொல்லுவேன் என்றும் கர்த்தர் சொல்லி முடித்த கையோடு இந்த இரவு வருகிறது. எட்டு அதிகாரம் தள்ளி, 12-ல், வாசல் நிலைக்காலில் பூசிய இரத்தம் இஸ்ரவேலின் தலைப்பிள்ளைகளைக் காக்கிறது. இங்கே ஒரு மகனின் இரத்தம் ஒரு வீட்டைக் காக்கிறது. பஸ்காவின் முன்நிழல் இது என்று நான் வாசிக்கிறேன். இன்னொன்றும் கண்ணில் படும். மோசேயின் கதையில் அவரைக் காப்பாற்றுபவர்கள் எல்லாரும் பெண்கள்: மருத்துவிச்சிகள், தாய், சகோதரி, பார்வோனின் மகள், இப்போது சிப்போராள். ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் அந்த மூன்று வசனங்களும் தவறுதலாக அங்கே விழுந்தவை அல்ல என்பது தெளிவாகிவிடும்.

படி 4: எழுதியவர் எதற்குப் பக்கத்தில் எதை வைத்தார்?

அத்திமரத்துக்கு வருவோம். மாற்கு 11-ஆம் அதிகாரத்தில் இயேசு மரத்தைச் சபிக்கிறார் (12-14). பிறகு தேவாலயத்துக்குப் போய் விற்கிறவர்களைத் துரத்துகிறார் (15-19). மறுநாள் காலை மரம் வேரோடே பட்டுப்போயிருக்கிறது (20-21). மத்தேயு 21 இதை இப்படிப் பிரிக்கவில்லை. அங்கே தேவாலயச் சம்பவம் முதலில் முடிந்துவிடுகிறது. மறுநாள் சபித்தவுடன் மரம் பட்டுப்போகிறது. அப்படியானால் மாற்கு வேண்டுமென்றே மரத்தின் கதையை இரண்டாக வெட்டி நடுவில் தேவாலயத்தை வைத்திருக்கிறார். பிட்டுக் குழலில் மாவுக்கும் மாவுக்கும் நடுவே தேங்காய்ப்பூ வைப்பது போல அவர் கதைக்குள் கதை வைப்பவர். 5-ஆம் அதிகாரத்தில் யவீருவின் மகளின் கதைக்கு நடுவே இரத்தப்போக்குள்ள பெண் வருவாள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது, அந்தப் பெண்ணின் நோய்க்கும் பன்னிரண்டு வருஷம்.

எனவே மரத்தை மரமாக மட்டும் பார்க்கக் கூடாது. இலை நிறைய, கனி இல்லை என்பது தேவாலயத்தைப் பற்றியது. இதற்கு இயேசுவின் வாயிலிருந்தே சாட்சி இருக்கிறது. "கள்ளர் குகை" என்று அவர் சொல்வது எரேமியா 7:11-லிருந்து எடுத்தது. எரேமியாவை அங்கே திறந்து ஒரு அதிகாரம் தள்ளிப் போங்கள். 8:13-ல், அத்திமரத்தில் அத்திப்பழம் இல்லை, இலையும் உதிரும் என்று இருக்கிறது. தேவாலயமும் வெறும் அத்திமரமும் எரேமியாவில் ஏற்கெனவே பக்கத்துப் பக்கத்தில்! இதை விரலால் தொட்டுக் காட்டும்போது குழுவில் இருப்பவர்களின் முகத்தைப் பாருங்கள். அதற்காகவே இந்தப் பகுதியைப் பலமுறை எடுக்கலாம்.

அத்திமரம் இலைவிடும்போதே சின்ன முதற்காய்களும் வரும், அதனால் இலையைக் கண்டு எதிர்பார்த்தது நியாயம் என்று ஒரு விளக்கமும் உண்டு. பாலஸ்தீன அத்தியைப் பொறுத்தவரை அது சரியான தகவல்தான். ஆனாலும் "அத்திப்பழக் காலமல்ல" என்று மாற்கு தானே எழுதிவைத்திருக்கிறார். அதை வாசகர் கவனிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருப்பார். அந்த வாக்கியத்தைத் தோட்டக்கலையால் அழித்துவிடக் கூடாது.

படி 5: முட்டும் இடங்களை ஒட்டவைக்காதீர்கள்

தாவீதின் குடிமதிப்பு இதற்கு நல்ல பயிற்சி. 2 சாமுவேல் 24:1-ல் மக்களை எண்ணும்படி கர்த்தருடைய கோபம் தாவீதை ஏவுகிறது. 1 நாளாகமம் 21:1-ல் ஏவுவது சாத்தான். முதலாவதில் இஸ்ரவேல் 8 லட்சம், யூதா 5 லட்சம்; இரண்டாவதில் 11 லட்சம், 4 லட்சத்து 70 ஆயிரம். முடிவில் பலிபீடம் கட்ட தாவீது வாங்கிய களத்துக்கும் மாடுகளுக்கும் 50 வெள்ளிச் சேக்கல் என்கிறது ஒன்று. நிலத்துக்கு 600 பொன் சேக்கல் என்கிறது மற்றது.

இரண்டையும் இரண்டு பேர் மாறி மாறி வாசிக்கட்டும். வேறுபாடுகளைக் கொப்பியில் எழுதுங்கள். அப்புறம் இந்தக் கேள்வியைப் போடுங்கள்: பின்னால் எழுதியவர் எதற்காக மாற்றிச் சொல்கிறார்? நாளாகமம் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிந்திய நூல். அதை எழுதியவருக்கு அந்தக் களம் தேவாலயம் எழுந்த இடம். 22:1-லும் 2 நாளாகமம் 3:1-லும் அதைச் சொல்லிவிடுகிறார். தீமை கடவுளிடமிருந்து வருமா என்ற கேள்வியோடும் அவர் மல்லுக்கட்டுகிறார். தொகுத்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு இருந்த துணிச்சல் நமக்கும் இருக்கலாம்.

படி 6: முன்னோர் சொன்னதையும், தொழில் தெரிந்தவர் சொல்வதையும் கேளுங்கள்

யோவான் 21:11-ல் வலையில் 153 பெரிய மீன்கள். ஏன் 153? ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் 153 வரும். பத்துக் கட்டளைகளும் ஆவியின் ஏழு வரங்களும் சேர்ந்து பதினேழு என்றார் பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன். மீன் இனங்கள் மொத்தம் 153 என்ற பழைய கணக்கை எடுத்துச் சொன்னார் அவர் காலத்து இன்னோர் அறிஞர் ஜெரோம். அதன்படி எல்லா இன மக்களும் வலைக்குள் வருகிறார்கள்.

இரண்டும் அழகான வாசிப்புகள். ஆனால் எங்கள் குழுவில் வாவியில் வலை போடும் ஒரு பெரியவர் இருக்கிறார். இந்தக் கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு, "மனே, எண்ணாம எப்பிடிப் பங்கு பிரிக்கிற?" என்றார். சின்ன மீனைக் குவித்துக் கூறு வைப்பார்கள், பெரிய மீனைத்தான் ஒவ்வொன்றாய் எண்ணுவார்கள் என்று விளக்கினார். வசனத்தில் "பெரிய" என்று இருப்பதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. நடுங்கும் அதிசயத்துக்கு நடுவிலும் கை பழகிய வேலையைச் செய்கிறது. அருகில் நின்று பார்த்த ஒருவரின் ஞாபகம் போல அந்த எண் ஒலிக்கிறது. முதலில் இந்த வாசிப்பைக் கேளுங்கள், பிறகு அகுஸ்தீனிடம் போங்கள். விவசாயி, தாதி, தையற்காரி என்று யார் இருந்தாலும் அவரவர் தொழில் தொடும் பகுதியில் அவர்களை முதலில் பேசவிடுங்கள்.

சில புதிர்களுக்கு வேதாகமத்துக்கு வெளியேயும் பார்க்க வேண்டிவரும். ஆதியாகமம் 6:1-4-ல் வரும் தேவகுமாரரின் கதையை ஏனோக்கின் நூல் விரிவாகச் சொல்கிறது. யூதா நிருபம் 14-15 வசனங்களில் ஏனோக்கின் தீர்க்கதரிசனம் என்று எடுத்துச் சொல்வதும் அந்த நூலில் இருக்கிறது. எத்தியோப்பிய ஓர்த்தடொக்ஸ் திருச்சபை அதை வேதாகமத்திலேயே வைத்திருக்கிறது. தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் ஆரம்பத்திலேயே இந்தப் பக்கம் போனால் திரும்பி வர நாளாகும்.

படி 7: யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்

நம் மாவட்டத்தில் இதைத் தவிர்த்துவிட்டு வேதம் வாசிக்க முடியாது. யுத்தத்தில் பிள்ளையைத் தொலைத்தவர், 2004 டிசம்பர் 26-இல் கல்லடியிலோ நாவலடியிலோ குடும்பத்தை இழந்தவர், 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் காலையில் சீயோன் தேவாலயத்தில் உறவை இழந்தவர் உங்கள் வட்டத்தில் இருப்பார். "கடவுள் ஏன் கொன்றார்" என்ற கேள்வி அவருக்கு ஆராய்ச்சிக் கேள்வி அல்ல.

எந்தப் பகுதியை எடுக்கப்போகிறீர்கள் என்பதை முந்தின கிழமையே சொல்லுங்கள். விரும்பாதவர் வராமல் இருக்க வழி இருக்கட்டும். கேள்விகளைப் பெயர் இல்லாமல் துண்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். போதகரோ பாதரோ வந்திருந்தால் கடைசியாகப் பேசும்படி பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் வாயே திறக்கமாட்டார்கள்.

லூக்கா 13:1-5-ஐ இந்தக் கரையில் எல்லாரும் ஒருமுறையாவது சேர்ந்து வாசிக்க வேண்டும். பலி செலுத்த வந்த கலிலேயரைப் பிலாத்து கொன்று, அவர்களுடைய இரத்தத்தைப் பலிகளோடே கலந்தான். வழிபாட்டு வேளையில் கொல்லப்பட்டவர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்தவர்கள் பதினெட்டுப் பேர். இவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்று இரண்டு தரம் சொல்கிறார். அடுத்த மூச்சிலேயே, மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்கிறார். புதிர் அங்கேதான்: பாவத்துக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பில்லை என்றவர் ஏன் உடனே எச்சரிக்கிறார்?

அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று கவனியுங்கள். செத்தவர்களைப் பற்றித் தீர்ப்பு சொல்ல வந்தவர்களை அவர் தடுத்துவிடுகிறார். எச்சரிக்கை உயிரோடு இருந்து அவர்களை அளக்க வந்தவர்களுக்கு. உடனே அடுத்த வசனத்தில் மறுபடியும் ஓர் அத்திமரம் வருகிறது. மூன்று வருஷமாய்க் கனி இல்லை, வெட்டிப்போடு என்கிறார் எஜமான். தோட்டக்காரன், இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன் என்கிறான். மாற்குவில் பட்டுப்போன மரம் லூக்காவில் இன்னும் நிற்கிறது. சுனாமிக்குப் பிறகு, குண்டுவெடிப்புக்குப் பிறகு, "அவர்களுடைய பாவம்" என்று யாராவது சொல்லக் கேட்டு நெஞ்சு வெந்தவருக்கு இயேசுவின் "அப்படியல்ல" தேவைப்படுகிறது. அதை மெதுவாக, இரண்டு தரமும் வாசியுங்கள்.

நியாயாதிபதிகள் 11-க்கும் இதே கவனம் வேண்டும். யெப்தா பொருத்தனை செய்து பெற்ற மகளையே பலியாக்குகிறான். அவளுக்குப் பெயர்கூட இல்லை. கடவுள் கேட்டதாகவோ ஏற்றதாகவோ ஒரு வரியும் இல்லை. உபாகமம் 12:31 பிள்ளைகளைச் சுட்டெரிப்பதை அருவருப்பு என்கிறது. ஆனால் எபிரெயர் 11:32 யெப்தாவை விசுவாச வீரர் பட்டியலில் சேர்க்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க முயலும் முன், வருஷத்துக்கு நான்கு நாள் அவளுக்காகப் புலம்பிய இஸ்ரவேல் குமாரத்திகளைப் பற்றிய 40-ஆம் வசனத்தைப் பெண்கள் வாசிக்கட்டும். ஆண்கள் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

படி 8: திறந்த கேள்விகளுக்குப் பக்கம் ஒதுக்குங்கள்

கொப்பியின் பின்பக்கத்திலிருந்து ஒரு பட்டியல் ஓடட்டும். விடை கிடைக்காதவை அங்கே போகும், திகதியோடு. நிர்வாணமாய் ஓடிய வாலிபன் அங்கே நெடுநாள் இருப்பான். அவன் மாற்குதான் என்பார்கள். ஆமோஸ் 2:16-ல் பலசாலியும் நிர்வாணமாய் ஓடுவான் என்று இருப்பதைக் காட்டுவார்கள். மாற்கு 16:5-ல் கல்லறைக்குள் வெள்ளை அங்கியோடு உட்கார்ந்திருக்கும் வாலிபனோடு இணைப்பார்கள். மூன்றையும் எழுதிவையுங்கள், எதையும் உறுதி என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் கேட்டால் இந்தப் பட்டியலையே காட்டலாம். பெரியவர்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர்கள் இன்னும் நன்றாகக் கேட்பார்கள்.

எந்த வரிசையில் எடுப்பது?

யோவான் 21-ல் தொடங்குங்கள். அது யாரையும் பயமுறுத்தாது. அடுத்து மாற்கு 11, பிறகு தாவீதின் குடிமதிப்பு, அதன்பின் கரடிகள், யாத்திராகமம் 4. லூக்கா 13-ஐ உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய கிழமைகளில் வைக்கலாம். யெப்தாவின் மகளை, குழுவில் ஒருவரையொருவர் நம்பத் தொடங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

கடைசிக்கு 1 இராஜாக்கள் 13. எனக்குத் தெரிந்தவரை வேதாகமத்தின் மிக விசித்திரமான அதிகாரம் அதுதான். பெத்தேலில் சாப்பிடாதே, குடிக்காதே என்று கட்டளை பெற்ற தேவனுடைய மனுஷனை, தேவதூதன் சொன்னான் என்று பொய் சொல்லி ஒரு கிழத் தீர்க்கதரிசி வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு கொடுக்கிறார். ஏமாந்தவரைச் சிங்கம் கொல்கிறது. கொன்றுவிட்டுத் தின்னாமல், கழுதையோடு சேர்ந்து பிணத்தின் பக்கத்திலேயே நிற்கிறது. பொய் சொன்னவர் உயிரோடு இருந்து, தன் கல்லறையிலேயே அவரை அடக்கம்பண்ணி, அழுகிறார். அந்தக் கிழவர் ஏன் பொய் சொன்னார் என்று எங்கும் இல்லை. 2 இராஜாக்கள் 23:15-18-ஐயும் அதே நாளில் வாசியுங்கள். யோசியா ராஜா பல தலைமுறை கழித்து அதே கல்லறைக்கு முன்னால் வந்து நிற்கிறார். கொப்பியில் இதற்கு வலப்பக்கம் மட்டும் இரண்டு தாள் தேவைப்படும்.